வின்ச்சுக்கு மோட்டார் வைத்த மகனுக்கு

மகனே,

"அன்புள்ள" என்று தொடங்கக் கை வரவில்லை, அதனால் போடவில்லை. நீ கல்யாணப் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவில், திருநெல்வேலி என்று சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கப் போயிருக்கிறாய். போவதற்கு முன் நான் ஜீப் பேச்சை எடுத்தபோதெல்லாம், "கல்யாணம் களியட்டும்மா, முடிஞ்ச பின்னே பேசலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாய். பேச விடாதவனுக்கு எழுதத்தான் முடியும். இந்தத் தாள்களை நான் ஒட்டி மூடப்போவதில்லை. சாப்பாட்டு மேஜைமேல், காற்றில் பறக்காமல் ஒரு செம்பை வைத்து, திறந்தபடியே விட்டுவைப்பேன். உனக்கு முன்னால் உன் அக்கா வந்தால் அவள் படிக்கட்டும், உன் அத்தான் வந்தால் அவரும் படிக்கட்டும். ஒளித்துச் செய்கிற புத்தி எனக்கு இல்லை. உனக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன், நம் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

முதலில் மெஷின் விஷயத்தைப் பேசிவிடுகிறேன். இல்லாவிட்டால், "அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது, சும்மா பிடிவாதம்" என்று நாளைக்கு உன் அக்காவிடம் சொல்லுவாய். நம் ஜீப்பின் முன் பம்பரில் கம்பிக் கயிறு சுற்றியிருக்கும் அந்த இரும்பு உருளை, நாம் எல்லோரும் வின்ச் என்று சொல்லுவது, உன் அப்பா பட்டாள ஏலத்தில் வண்டியை எடுத்த காலத்திலிருந்து இன்ஜினின் பலத்தால்தான் சுற்றியது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு ஷாஃப்ட் வண்டிக்கு அடியில் முன்னால் போகும். சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளினால் இன்ஜின் சக்கரத்தை விட்டுவிட்டு உருளையைப் பிடித்துக்கொள்ளும். அதன்பின் எல்லாம் இடது காலில் இருக்கிறது. கிளட்சை விட்டால் உருளை சுற்றும், மிதித்தால் நிற்கும். சேற்றில் புதைந்த லாரியும் ஓடையில் சரிந்த வேனும் கயிற்றின் மறுமுனையில் முனகிக்கொண்டு மேலே வரும். அதில் வந்த சோற்றைத்தான் நீயும் உன் அக்காவும் தின்று வளர்ந்தீர்கள்.

இந்த வருடம் மழை தொடங்கியதும் கியர் பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்து, இழுக்கும்போது நழுவத் தொடங்கியது. இனி உருளையை எதனால் சுற்றுவது என்ற கேள்வி வந்தது. நீ அடுக்களை வாசலில் நின்று வழிகளைச் சொன்னாய். லேத்தில் புதிய பல்சக்கரம் வெட்டிப் பழையபடியே ஓட்டலாம். மண் அள்ளுகிற வண்டிகளில் இருப்பதுபோல எண்ணெயை அழுத்தி அதன் பலத்தில் சுற்றலாம். ஆனால் பம்ப்பும் டாங்கும் வைக்க நம் ஜீப்பில் இடமில்லை என்று நீயே அதைத் தள்ளிவிட்டாய். இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடுகிற மோட்டாரை உருளையோடு மாட்டலாம். மோட்டாருக்கு நீ சொன்ன நியாயம் எதையும் நான் மறுக்கவில்லை. இன்ஜின் நின்றுபோனாலும் இழுக்கலாம். அடியில் அவ்வளவு நீள ஷாஃப்ட் வேண்டாம். வயர் வைத்த ஸ்விட்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஆள் கயிற்றடியில் நின்று எல்லாம் செய்துவிடலாம். நீண்ட இழுப்பில் மோட்டார் சூடாகும், பழைய வண்டியின் டைனமோ பேட்டரிக்கு ஈடுகொடுக்காது என்று நான் சொன்னேன். இன்னொரு பேட்டரி வைத்தால் போதும் என்று நீ சொன்னாய். அதுவும் சரிதான். "ரெண்டுலயும் ஞாயம் உண்டு மக்கா, கல்யாணம் களிஞ்சு ரெண்டுபேருமா தீருமானிப்போம்" என்றேன். "ஷரி அம்மா" என்றாய். அந்த "ஷரி"யை நான் நம்பினேன்.

அடுத்த வாரம் நானும் உன் அக்காவும் முகூர்த்தப் பட்டு எடுக்க நாகர்கோவிலுக்குப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் ஜீப்பின் மூக்கில் புதிதாய்க் கறுப்புப் பெயின்ட் அடித்த மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. கதவைத் திறந்து சீட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேன். லீவர் இருந்த இடத்தில் தகரத்தை வைத்து வெல்டிங் அடித்திருந்தாய். கழற்றி வைத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். நீ அடைத்தே விட்டாய்.

"லீவர் எங்கல மக்கா?"

"அது இனி வேண்டாம்மா. எடுத்தாச்சு."

"அப்பம் நான்?"

நீ சிரித்தாய். "அம்மா இனி ரெஸ்ட் எடுத்தா மதி" என்றாய். ஓய்வெடுத்தால் போதுமாம். எனக்கு அந்த இடத்திலேயே உன்னை அறைய வேண்டும்போல் இருந்தது. பட்டுப் பெட்டி கையில் இருந்ததால் பிழைத்தாய்.

நான் அந்தச் சீட்டில் எப்படி ஏறினேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ செய்த காரியத்தால்தான் மறுபடி சொல்லுகிறேன். உன் அப்பாவுக்கு ஆரம்பத்தில் ஒரு டிரைவர் இருந்தான். நல்லவன்தான், ஆனால் வேடிக்கை பார்க்கிறவன். விழிஞ்ஞத்தில் கடற்கரை ஓரம் ஐஸ் ஏற்றிய லாரி ஒன்று மணலில் இறங்கிவிட்டது. மீன் வாங்கிக்கொள்ளலாம் என்று நானும் அன்று வண்டியில் போயிருந்தேன். உன் அப்பா லாரியருகே நின்று கையால் சாடை காட்டிக்கொண்டிருந்தார். சுற்றி நின்ற கூட்டம் "வலிக்கு! வலிக்கு!" என்று இழுக்கச் சொல்லிக் கத்தியது. அந்த டிரைவர் கையைப் பார்க்காமல் கூட்டத்தைக் கேட்டு கிளட்சை விட்டான். கயிறு துள்ளி எழுந்து உன் அப்பாவின் தோளுக்குப் பக்கத்தில் போனது. அவர் நேராக வந்து அவனைக் கீழே இறக்கினார். என்னைப் பார்த்தார். வண்டியை ஷெட்டிலிருந்து தெருவுக்கு நகர்த்த மட்டும்தான் அப்போது எனக்குத் தெரியும்.

"எட்டி, நீ ஏறு. ஆளுக விளிச்சா கேக்காத. லாரியப் பாக்காத. எனக்க கைய மட்டும் பாரு."

அவ்வளவுதான் அவர் கற்றுக்கொடுத்தது. "சேச்சியாணோ வண்டியில்?" என்று கூட்டம் சிரித்தது. நான் கையை மட்டும் பார்த்தேன். விரல் மடங்கினால் விட வேண்டும், உள்ளங்கை விரிந்தால் மிதிக்க வேண்டும். லாரி மணலை விட்டு மேலே வந்தபோது சிரித்தவர்களே எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து உன் அப்பா வேறு டிரைவரைத் தேடவில்லை. நானும் தேடச் சொல்லவில்லை. இதை இப்போது அழுத்தி எழுதுகிறேன்: எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அடுக்களையில் நான் எதை வைத்தாலும் உன் அப்பா உப்பு கூடுதல், புளி குறைவு என்று ஏதாவது சொல்லுவார். அந்தச் சீட்டில் நான் இருந்த காலம் முழுக்க ஒரு குறை சொன்னதில்லை. வேலை முடிந்து கயிற்றைச் சுற்றிக்கொண்டு கரமனை வீட்டுக்குத் திரும்பும்போது, வழியில் வண்டியை நிறுத்தி எனக்குச் சூடாகப் பழம்பொரி வாங்கித் தருவார். கல்யாணமான புதிதில்கூட அவர் எனக்கு அப்படி எதுவும் வாங்கித் தந்ததில்லை.

அவர் நெஞ்சுவலியில் போன பிறகு கயிற்றடியில் நீ நின்றாய். நன்றாகவே நின்றாய், அதையும் மறைக்கமாட்டேன். பொன்முடி ஏறுகிற வழியில் சுற்றுலா வேன் ஒன்று வளைவில் சரிந்தது நினைவிருக்கிறதா? மழையில் நீ வழுக்கிக் கைகளை ஊன்றினாய். இரண்டு கையும் சேற்றுக்குள் போயின. தளர்ந்து கிடந்த கயிற்றின் வளையத்துக்குள் உன் கால் இருந்தது. நீ கத்தவுமில்லை, சாடை காட்டவுமில்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குக் கை காணாமல் போனது தெரிந்தது. அவ்வளவு போதும், மிதித்துவிட்டேன். நீ "அம்மா" என்று கத்தியபோது உருளை நின்று போயிருந்தது. "மோட்டார் என்றால் ஸ்விட்ச் என் கையிலேயே இருந்திருக்கும், நானே நிறுத்தியிருப்பேன்" என்று இந்த மாதம் எனக்குப் பாடம் நடத்துகிறாய். இருந்திருக்கும். அந்தக் கைதான் சேற்றுக்குள் இருந்தது. நொண்டாமல் நடந்து நீ இப்போது ஊருக்கெல்லாம் பத்திரிகை வைத்துக்கொண்டிருக்கிறாய்.

ஆனாலும் இந்தக் கோபம் மோட்டார்மேல் இல்லை. நீ கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து முதல்முதலாக ஒரு காரை இழுத்தபோது நானும் வந்து நின்றேன். சத்தமே இல்லாமல், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி இழுத்தது. நான் ரோட்டோரம் வேடிக்கை பார்க்கிறவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னிடம், "தள்ளி நில்லுங்கோ சேச்சி, கயிறு அறுந்தா ஆபத்தாணு" என்றாள். தள்ளி நின்றேன். வீட்டுக்கு வந்தும், காலம் மாறுகிறது, பிள்ளை என் முதுகுவலியை நினைத்துத்தான் செய்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு விட்டிருப்பேன்.

அப்புறம் உன் வருங்கால மாமியார் வந்தாள், பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் பண்டமெல்லாம் நம் வீட்டில் எங்கே வைக்கலாம் என்று பார்க்க. அடுக்களையில் நின்று காபி குடித்துக்கொண்டே, நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"இனி மைனிக்கு நிம்மதிதான். மோட்டார் வெச்ச பொறவு நீங்க அந்த வண்டியில ஏற வேண்டாம்லா. நிச்சயத்தண்ணைக்கே மாப்பிள்ளை எங்ககிட்ட வாக்குக் குடுத்துட்டாருல்லா."

நிச்சயதார்த்தம் நடந்தது சித்திரையில். பல்சக்கரம் தேய்ந்தது மழை தொடங்கிய பிறகு. அதாவது, அடுக்களை வாசலில் நின்று நீ எனக்கு மூன்று வழியும் விளக்கி, நானும் பெரிய இவளைப்போல டைனமோ, பேட்டரி என்று யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, உனக்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. தேய்ந்த பல்சக்கரம் உனக்கு ஒரு சாக்கு. என்னோடு கலந்து பேசினாயே, அது கூத்து. என் கையிலிருந்த காபித் தம்ளரை மேடையில் வைத்துவிட்டு, "ஆமா, நிம்மதிதான்" என்றேன்.

உன்மேல் வந்த கோபத்தைவிட அவர்கள்மேல்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது. வண்டியில் கிளட்ச் மிதிக்கிற சம்பந்தி அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது, பெண் கொடுக்க இப்படி ஒரு நிபந்தனை வைத்து என் பிள்ளையை மடக்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலை கரமனையிலிருந்து பஸ் ஏறிக் கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைவீதிக்கு நடந்தேன். உன் மாமனாரின் மளிகைக் கடையில் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். கேட்கவும் செய்தேன்.

"அண்ணாச்சி, வண்டி வேலைக்குப் போறவ சம்பந்தியா வந்தா உங்களுக்கு என்ன கொறச்சல்?"

மனுஷர் பதறிப்போய்க் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். "அய்யோ தங்கச்சி, நாங்க ஒண்ணும் கேக்கலையே. எங்க அம்மை இந்தக் கல்லாவுல இருந்துதானே எங்கள வளத்தா. நாங்க அப்படிக் கேப்போமா? தம்பிதான் அவராச் சொன்னாரு." ஸ்டூலைத் துடைத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி சொன்னது, அம்மைக்கு அந்த வேலையில இஷ்டமே கெடையாது, அப்பா நிர்பந்திச்சு ஏத்தினது, ஆம்பள வேலையச் செய்ய வெச்சு நாலுபேர் சிரிக்கும்படி ஆக்கிட்டாரு, கல்யாணத்தோட நான் அத நிறுத்தீருவேன்னு. கேட்டு எங்க வீட்டுக்காரி அழுதுட்டா. நீங்க ரொம்ப சகிச்சிட்டீங்க தங்கச்சி."

ஒருவரும் உன்னிடம் கேட்கவில்லை. விழிஞ்ஞத்து டிரைவராவது கூட்டம் கத்திய பிறகுதான் கிளட்சை விட்டான். நீ யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே விட்டுவிட்டாய். என்னைப் பார்த்து நாலுபேர் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் அன்றைக்கே எனக்கு இளநீர் வெட்டினார்கள். வெட்கம் உனக்குத்தான் இருந்திருக்கிறது, எத்தனை வருடமாகவோ. பள்ளிக்கூட வாசலில் ஜீப்பை நிறுத்தினால், "அம்மா, அந்தத் திருப்பத்துல இறக்கி விடு" என்று சொல்லுவாயே, அது டீசல் நாற்றத்துக்காக என்று நினைத்திருந்தேன். வெட்கப்பட்டாய் என்றால் வெட்கப்பட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அதைக்கூட நான் பொறுத்திருப்பேன். உன் வெட்கத்தை மறைக்கச் செத்துப்போன மனுஷனைக் கொடுமைக்காரனாக்கினாய். அவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்கிற தைரியம். என்னைப் பாவப்பட்டவளாக்கினாய். நான் மறுத்தால் நீ பொய்யனாவாய், கல்யாணம் நிற்கும், அதனால் இவள் வாயைத் திறக்கமாட்டாள் என்கிற தைரியம். அந்தக் கணக்கு மட்டும் உனக்குத் தப்பவில்லை. உன் மாமனார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "ஆமா அண்ணாச்சி, களிஞ்சதெல்லாம் களிஞ்சு" என்று சொல்லி எழுந்து வந்தேன். என் வாயாலேயே உன் அப்பாவை விட்டுக்கொடுக்க வைத்தாய். இதற்கு என்ன பேர் சொல்லுவதென்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அழுகையை அடக்கக்கூட முடியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் தாய் சொல்ல வேண்டிய புத்திமதி என்று ஒன்று உண்டாம், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் டைப்ரைட்டிங் முடித்து ஏதோ ஆபீஸில் வேலைக்குப் போகிறாள் என்கிறார்கள். நாளைக்கு அவள் வேலையிலோ அவள் நடப்பதிலோ அவள் சிரிப்பதிலோ உனக்கு ஏதாவது பிடிக்காமல் போகும். அப்போது பிடிக்கவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சண்டை வரும், வரட்டும். எனக்கும் உன் அப்பாவுக்கும் வராத சண்டையா? ஆனால் அவள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து அவள் இடத்தைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு, உன் நன்மைக்குத்தான் செய்தேன் என்று மட்டும் அவள் முன்னால் போய் நிற்காதே. அவள் என்னைப்போலச் சும்மா இருக்கமாட்டாள் என்று நம்புகிறேன். இருந்தால் நான் போய் அவளைக் கிளப்பிவிடுவேன்.

இனி நான் செய்ததைக் கேள். பட்டறைக்குப் போய், உனக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் ஸ்டீபனைப் பிடித்தேன். "அம்மா சம்மதிச்சாச்சுன்னு தம்பி சொல்லித்தானே அக்கா நான் கை வெச்சேன்" என்று அவர் தலையைச் சொறிந்தார். அவரிடமும் பொய். தகரத்தை அறுக்கச் சொன்னேன். லேத்தில் கொடுத்துப் புதிய பல்சக்கரம் வெட்டி மாட்டியாயிற்று. ஷாஃப்ட்டும் லீவரும் பழைய இடத்தில் இருக்கின்றன. உன் மோட்டாரைத் துடைத்துப் பெட்டியில் போட்டு உன் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். நல்ல மோட்டார், வீணாக்காதே. சொந்தமாக ஒரு வண்டி வாங்கினால் அதில் மாட்டிக்கொள், தனியாகவே நின்று இழுத்துக்கொள். இந்த ஜீப் என்னுடையது.

நேற்று நேமம் பக்கம் ஒரு செங்கல் லாரி வயலில் இறங்கியது. போனேன். கயிற்றடியில் ஸ்டீபன் நின்றார். உன் அளவுக்கு அவருக்குச் சாடை காட்டத் தெரியவில்லை. எது விடு, எது மிதி என்று புரிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனாலும் அந்தக் கையை நம்பி மிதிக்கவும் விடவும் முடிந்தது. உன் கையை இனி அப்படிப் பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு வருவேன். பட்டு உடுத்துவேன், வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்பேன், பெண் வீட்டார் மனம் கோணும்படி ஒரு வார்த்தை பேசமாட்டேன். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளை தாயின் காலைத் தொட்டு வணங்க வேண்டும், அது நம் வீட்டு வழக்கம். அதற்கு முன் உன் மாமனாரிடம் போ. எங்க அப்பா யாரையும் நிர்பந்திக்கவில்லை, அம்மா இஷ்டப்பட்டுத்தான் ஏறினாள், இப்போதும் ஏறுகிறாள், நான்தான் பொய் சொன்னேன் என்று உன் வாயால் சொல். சொல்லிவிட்டு வந்து குனி. சொல்லாமல் குனிந்தால், மேளக்காரர் முதல் போட்டோ எடுக்கிறவன் வரை அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, நான் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வேன்.

உன் அம்மா